கச்சேரி எந்த ஊரில்?

திருவான்மியூரில் இன்றைக்கு அரை கிரவுண்ட் வாங்க வேண்டுமென்றால் தாத்தா சேர்த்து வைத்திருக்க வேண்டும், அல்லது பிள்ளை அமெரிக்காவில் இருக்க வேண்டும். இரண்டும் வாய்த்த ஒரு பாக்கியசாலி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வக்கீலிடம் போகிறார் என்று வையுங்கள். வக்கீல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாய்ப்பத்திரத்தைப் படிக்கிறார்: செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா, திருவான்மியூர் கிராமம். பாக்கியசாலிக்குத் தலை சுற்றும். இத்தனை கோடியைக் கொட்டி, வாங்கியது கிராமத்திலா?

ஆமாம் ஸார், கிராமத்தில்தான். 1970களின் கடைசியில் சென்னை மாநகராட்சி கொஞ்சம் கையை நீட்டி வேளச்சேரியையும் திருவான்மியூரையும் இழுத்துக்கொண்டதே, அதுவரைக்கும் இது செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரு கடலோரக் கிராமம். கோயில், குளம், மணல், சவுக்கு, பனை, மீனவர் குப்பம். சென்னைக்குப் போவதை ‘பட்டணம் போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் ஊர்.

செங்கல்பட்டு ஜில்லா என்றால் கலெக்டர் செங்கல்பட்டில்தானே உட்கார்ந்திருப்பார் என்று நீங்கள் நினைப்பது நியாயம். நியாயத்துக்கும் நிர்வாகத்துக்கும் என்ன சம்பந்தம்? கலெக்டர் கருங்குழியில் இருந்தார். காஞ்சிபுரத்தில் இருந்தார். சைதாப்பேட்டையில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தார். செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனில் மோர் வாங்கிக் குடித்திருக்கலாம். அங்கே ஜில்லாவின் தலைமைக் கச்சேரி போட்டு உட்காரவில்லை.

இந்தத் தலைநகர் ஓட்டத்தைத்தான் சொல்லப் போகிறேன். ஓடாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் வேடிக்கை பார்த்த ஊர் திருவான்மியூர் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

சோழர் காலத்தில் திருவான்மியூர்க்காரர் ஒருவர் தன் அட்ரஸை எழுத வேண்டுமென்றால் ஒரு ஓலை போதாது. ஜயங்கொண்ட சோழ மண்டலம், புலியூர்க் கோட்டம், கோட்டூர் நாடு, அப்புறம்தான் திருவான்மியூர். ராஜாவுக்கு உற்சாகம் வந்தால் புலியூர்க் கோட்டத்துக்கு ‘குலோத்துங்க சோழ வளநாடு’ என்று இன்னொரு பேரும் சேரும். சாலைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் தலைவர் பேர் வைக்கும் வழக்கம் கழகங்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா?

கோட்டூர் நாடு என்கிறார்களே, அந்த மகா நாட்டுக்குப் பேர் கொடுத்த ஊர் எது? நம்ம கோட்டூர்தான். கோட்டூர்புரம் பஸ்ஸில் ஏறினால் வருமே, அதே கோட்டூர். வேளச்சேரியும் திருவான்மியூரும் ஒரு காலத்தில் அதற்கு அடக்கம். இன்று வேளச்சேரியில் இருக்கும் மால்களில் ஒன்றைத் தூக்கி வைத்தால் பழைய கோட்டூர் கிராமம் கண்ணுக்கே தெரியாது.

அதற்கும் மேலே இருந்தது புலியூர்க் கோட்டம். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று. மயிலாப்பூரே இதற்குள்தான். கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் நின்றுகொண்டு ‘நீங்கள் எல்லாம் புலியூருக்குக் கீழே இருந்தவர்கள்’ என்று யாராவது சொன்னால் அவரை மாட வீதி தாண்ட விடமாட்டார்கள். அந்தப் புலியூரோ, பாரத்வாஜேஸ்வரர் கோயிலைச் சாட்சியாக வைத்துக்கொண்டு கோடம்பாக்கத்துக்குள் கரைந்துபோனது. ஒரு கோட்டத்தையே ஆண்ட இடத்தில் பிற்பாடு அட்டையில் கோட்டை கட்டி, அட்டைக் கிரீடம் வைத்த ராஜாக்களை வைத்துப் படம் எடுத்தார்கள்.

திருவான்மியூருக்குப் பதவி ஒன்றும் கிடைக்கவில்லையே தவிர, வந்துபோன வி.ஐ.பி. லிஸ்ட்டைப் பார்த்தால் மயக்கம் வரும். காமதேனு பாலைப் பொழிந்து பூஜை பண்ணி, லிங்கத்தின் மேல் குளம்புத் தடத்தையும் விட்டுப் போயிற்று என்பது தலபுராணம். அகத்தியருக்கு இங்கேதான் சிவபெருமான் மருந்து ரகசியம் சொல்லிக்கொடுத்தார், அதனால் மருந்தீசுவரர். அப்பரும் சம்பந்தரும் வந்து பாடினார்கள். வான்மீகி முனிவரும் வந்தார், ஊருக்கே தன் பேரைக் கொடுத்தார் என்பது ஐதீகம்.

ராமாயணம் எழுதியவருக்கு ஊர் என்ன மரியாதை செய்தது? கிழக்குக் கடற்கரைச் சாலையில், டிராஃபிக் நடுவில், ஒரு சின்னக் கோயில். இந்தப் பக்கம் மகாபலிபுரம் போகும் பஸ், அந்தப் பக்கம் ஹெல்மெட் இல்லாத இளைஞன். புற்று மூடும்வரை அசையாமல் தவம் இருந்தவராம். அந்தப் பயிற்சி இல்லாத வேறு எந்த முனிவரும் இ.சி.ஆரில் ஒரு வாரம் தாங்கமாட்டார்.

அப்பய்ய தீட்சிதர் கதை இன்னும் ஜோர். 16ஆம் நூற்றாண்டின் பெரிய பண்டிதர். வேளச்சேரியிலிருந்து தினமும் வந்து மருந்தீசுவரரைத் தரிசனம் பண்ணுவாராம். ஒருநாள் வெள்ளம். கோயில் வரைக்கும் வர முடியவில்லை. மேற்கே தண்ணீரில் நின்றபடி, ‘சுவாமி, இங்கிருந்து பார்த்தால் உன் முதுகுதானே தெரிகிறது’ என்று உருகினார். சிவன் அப்படியே மேற்கே திரும்பிவிட்டார். இன்றைக்கும் மேற்கு பார்த்துத்தான் இருக்கிறார். பக்திக்கு ஒரு நமஸ்காரம். கூடவே ஒரு விஷயத்தையும் கவனியுங்கள்: வேளச்சேரியில் வெள்ளம் வருகிறது என்பதை புராணமே பதிவு பண்ணிவிட்டது. அதற்கப்புறமும் அங்கே அபார்ட்மென்ட் புக் பண்ணினோமே, நம்மை என்ன சொல்வது!

இப்போது நவாப் வருகிறார்.

ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பாசமும் வரும். பதவியைப் பிடிக்கக் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் சண்டை போட்டுக்கொடுத்தார்கள். பிறகு பில்லை நீட்டினார்கள். நவாபிடம் காசு இல்லை. கும்பினி அதிகாரிகளே தனிப்பட்ட முறையில் வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். ஒரு கையால் கம்பெனிக்காக வசூல், மறு கையால் சொந்த வட்டி. இப்படியொரு பிஸினஸ் மாடலை மௌன்ட் ரோடு சிட்பண்டுகாரர்கள்கூட யோசித்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் 1763இல் நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கும்பினி என்ன செய்தது? அதே சீமையை அதே நவாபுக்கே குத்தகைக்கு விட்டது! வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு சொந்தக்காரரையே வாடகைக்கு வைத்த கதை. 1780 வரைக்கும் இந்தக் கூத்து நடந்தது.

இதற்கு நடுவில் நவாப் ஆற்காட்டைவிட்டு சென்னைக்கு வந்து சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டார். ஆற்காடு நவாப் ஆற்காட்டில் இல்லை. இன்றைக்கும் ஆற்காடு இளவரசரின் அமீர் மகால் ராயப்பேட்டையில்தான் இருக்கிறது. இந்தப் பிராந்தியத்தில் ஒருவர் எந்த ஊருக்கு அதிபதியோ அந்த ஊரில் வசிப்பது ஏதோ கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது.

ஜாகீர் கைக்கு வந்ததும் கும்பினிக்கு ஒரு சந்தேகம்: நமக்குக் கிடைத்தது என்ன? பார்னார்டு என்ற எஞ்சினீயரை அளக்க அனுப்பினார்கள். 1767இல் ஆரம்பித்து ஏழு வருஷம் அந்த மனிதர் ஊர் ஊராகப் போய், சுமார் 2,000 கிராமங்களில் வீடு எத்தனை, ஏரி எத்தனை, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, யாருக்கு எவ்வளவு மானியம் என்று எழுதி வாங்கினார். எக்ஸெல் இல்லாத காலத்து எக்ஸெல் ஷீட். ஊர்க் கணக்கப்பிள்ளைகள் ஓலையைப் பார்த்துச் சொன்னதை துரை எழுதிக்கொண்டார். கணக்கப்பிள்ளை எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் என்று நம்புகிறவர்கள் கணக்கப்பிள்ளையைப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

இனி நம் கதாநாயகர். லயனல் பிளேஸ் துரை.

1794இல் ஜாகீருக்குக் கலெக்டராக வந்தார். நான்கு வருஷம்தான் இருந்தார். அதற்குள் ஒரு ஏரி, ஒரு கோயில், ஒரு பறவைக் கூட்டம், ஒரு மிராசுதார் ஸ்டிரைக் எல்லாவற்றிலும் தன் பேரைப் பொறித்துவிட்டுப் போனார். நாலு வருஷத்தில் நம்மால் ரேஷன் கார்டில் பேர் சேர்க்க முடிகிறதா?

1795லிருந்து கச்சேரி கருங்குழியில். எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். மதுராந்தகம் தெரியுமல்லவா, அதற்கு இந்தப் பக்கம். திருச்சி நெடுஞ்சாலையில் போகும்போது நீங்கள் டோல்கேட் கடுப்பில் இருப்பீர்கள், கருங்குழி கடந்துபோயிருக்கும். இப்போது ஒரு பேரூராட்சி. அங்கே ஒரு பழைய கோட்டை இருந்தது. கர்நாடக, மைசூர் யுத்தங்களில் பிரெஞ்சுக்காரர்கள், இங்கிலீஷ்காரர்கள், ஹைதர் அலி எல்லாரும் அதற்கு அடித்துக்கொண்டார்கள். 1781இல் கும்பினித் தளபதி ஐர் கூட் அனுப்பிய கேப்டன் டேவிஸ் என்பவர் திடீரென்று பாய்ந்து ஹைதரின் ஆட்களிடமிருந்து பிடித்தார். இவ்வளவு ரத்தம் சிந்திப் பிடித்த கோட்டைக்கு அப்புறம் கிடைத்த உத்தியோகம், கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்து வீடாக இருப்பது.

திருவான்மியூர் மிராசுதார் ஒருவருக்குக் கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்திலிருந்து கருங்குழிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். மாட்டு வண்டி. ராத் தங்கல். போய்ச் சேர்ந்தால், துரை சர்க்கீட்டில் இருக்கிறார், நாளைக்கு வா. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இருநூறு வருஷமாக மாற்றாமல் காப்பாற்றி வருகிறோம்.

பிளேஸ் துரை சர்க்கீட்டில் எங்கே போயிருப்பார்? மதுராந்தகம் ஏரிக்கரைக்கு. அந்த ஏரி அடிக்கடி உடையும். துரை கரையைப் பலப்படுத்தினார். மறுபடியும் மழைக்காலம் வந்தது. ஊரில் ராமர் கோயில் பட்டர்கள், ‘தாயாருக்குச் சந்நிதி இல்லை, அதைக் கட்டிக்கொடுங்கள்’ என்றார்கள். ‘உங்கள் சாமியால் இந்த ஏரியைக் காப்பாற்ற முடியுமா? இந்த வருஷம் கரை நின்றால் கட்டித் தருகிறேன்’ என்றாராம் துரை. அடைமழை ராத்திரி, குடையும் ஆளுமாகக் கரைக்குப் போனார். அங்கே வில்லும் அம்புமாக இரண்டு இளைஞர்கள் காவல் நிற்பதைப் பார்த்தார். மண்டியிட்டார். கரை உடையவில்லை. தாயார் சந்நிதி எழுந்தது. இன்றைக்கும் அங்கே துரையின் பேர் கல்லில் இருக்கிறது. சுவாமிக்கு ஏரிகாத்த ராமர் என்று பேர்.

கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு ஒரே ஒரு ஆதங்கம். கூடை கூடையாக மண் சுமந்து கரையைப் பலப்படுத்தின ஒட்டர்களும் கூலியாட்களும் எங்கே? அம்பைத் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பேருக்குக் கிரெடிட் போயிற்று. சாங்ஷன் பண்ணினவருக்குக் கல்வெட்டு. கடப்பாரை பிடித்தவன் பேர் மட்டும் எந்தக் கல்லிலும் இல்லை. பொதுப்பணித் துறையின் மரபு அன்றைக்கே ஸ்தாபிக்கப்பட்டுவிட்டது.

அடுத்தது வேடந்தாங்கல். கருங்குழியிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். ஏரிக்கு வந்த கொக்கையும் நாரையையும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தின்றார்கள். ஊர்க்காரர்கள் நேராகக் கலெக்டரிடம் போனார்கள். ஜீவகாருண்யம் ஒரு பக்கம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது இன்னொரு பக்கம். 1798இல் பிளேஸ் துரை கவுல் எழுதிக் கொடுத்தார்: இங்கே யாரும் பறவையைச் சுடக் கூடாது. இந்தியாவின் பழைய பறவைப் பாதுகாப்பு உத்தரவுகளில் இது முக்கியமானது. உலக அளவில் இன்று கொண்டாடுகிறார்களே, அந்தக் கவுலை ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? தொலைத்துவிட்டார்கள். 1858இல் போய் இன்னொரு காப்பி வாங்கினார்கள். பறவைகளுக்கு மட்டும் பேப்பர் தேவைப்படவில்லை. அவை பாட்டுக்கு வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தன.

பிளேஸ் துரையை இதற்குள் ரிஷி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வரியை ஏற்றுவதில் அவர் புலி. பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்கள் கும்பலாக ஊரைக் காலி பண்ணிக்கொண்டு வெளியேறினார்கள். நிலம் இருக்கிறது, உழ ஆள் இல்லை; துரை யாரிடம் வரி கேட்பார்? தன் ரேட்டு அதிகம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் பட்டணத்து துபாஷிகள் கிளப்பிவிட்டது என்றார். ஆக, ‘வெளியிலிருந்து வந்த சக்திகள் தூண்டிவிட்டன’ என்ற அறிக்கைக்கும் நம் ஜில்லாதான் பூர்வீகம்.

துரை போனார். கருங்குழி ஆறியது. 1825இல் கச்சேரி காஞ்சிபுரம் கிளம்பிற்று. பத்து வருஷம் அங்கே. அப்புறம் மறுபடியும் மூட்டை முடிச்சு, திரும்பக் கருங்குழிக்கே. 1859இல் சைதாப்பேட்டை. ஒவ்வொரு தடவையும் ரிக்கார்டு கட்டுகளை மாட்டு வண்டியில் ஏற்றியவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு வாடகை வீடு மாறவே நமக்கு ஒரு வாரம் முதுகு வலிக்கிறது.

சைதாப்பேட்டை ஏன்? ஜில்லாவின் நடு மையமா? இல்லை. ஒரு ஓரம். பொன்னேரிக்காரனுக்கும் மதுராந்தகத்துக்காரனுக்கும் ஒரே மாதிரித் தொந்தரவு என்பதில் மட்டும் ஒரு சமத்துவம் இருந்தது. அரசாங்கம் என்ன காரணம் எழுதியதோ, நான் பக்கத்தில் என்னென்ன இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். ஆற்றைத் தாண்டினால் கிண்டி, அங்கே கவர்னரின் தோட்ட மாளிகை. அதே கிண்டியில் 1777லிருந்து குதிரைப் பந்தயம். வடக்கே மௌன்ட் ரோடு. அதன்மேல் 1832இல் ஆரம்பித்த மெட்ராஸ் கிளப். ஒரு கலெக்டருக்குத் தன் ஜில்லா மக்களோடு நெருங்கி இருக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா?

அந்தக் காலத்திலேயே ஜில்லாவின் பேரும் ஆட்டம் கண்டது. நடுவில் கொஞ்ச காலம் ‘மதராஸ் ஜில்லா’ என்று வைத்து, பிறகு பழையபடி செங்கல்பட்டு ஆக்கினார்கள். 1879இல் கலெக்டர் குரோல் துரை எழுதிய மாவட்டக் கையேட்டின் தலைப்பிலேயே ‘செங்கல்பட்டு, முன்னாள் மதராஸ், ஜில்லா’ என்று போட்டிருக்கிறது. இனிஷியல் மாற்றியவர்கள் பேப்பரில் விளம்பரம் கொடுப்பார்களே, அந்த ஸ்டைல்.

சைதாப்பேட்டைக்கு மரியாதை சேர்த்தவர் கலெக்டரும் இல்லை, நவாபும் இல்லை. ஒரு ஆர்மீனிய வியாபாரி. கோஜா பெட்ரூஸ் உஸ்கான். 1726இல் அடையாற்றின் மேல் சொந்தக் காசில் பாலம் கட்டினார். பேர் மர்மலாங் பாலம். மாம்பலத்தைத்தான் வெள்ளைக்கார வாய் அப்படிச் சப்பிவிட்டது. பறங்கிமலைக்கு ஏறும் 160 படிகளும் அவர் உபயமே. பாலத்தைக் கட்டிவிட்டு, பிற்பாடு ரிப்பேர் பண்ணவும் தனியாகப் பணம் ஒதுக்கி வைத்தார். தயவுசெய்து அந்த வாக்கியத்தை மறுபடியும் படியுங்கள். ரிப்பேருக்கும் பணம் ஒதுக்கி வைத்தார்!

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, பாண்டிச்சேரிக்கு வந்துவிடு என்று ஆசை காட்டினார்கள். உஸ்கான் மாட்டேன் என்றார். சொத்தைப் பறித்தார்கள். அப்போதும் மாட்டேன் என்றார். 1751இல் இறந்தபோது உடலை வேப்பேரியில் புதைத்தார்கள். இதயத்தை மட்டும் ஒரு பெட்டியில் வைத்துப் பாரசீகத்தில் அவருடைய சொந்த ஊரான ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள். பாலம் சைதாப்பேட்டையில், படிக்கட்டு பறங்கிமலையில், உடம்பு வேப்பேரியில், இதயம் ஈரானில். கலெக்டர் ஆபீஸ்கூட இவ்வளவு டிரான்ஸ்ஃபர் பார்த்ததில்லை.

திருவான்மியூர்க்காரர் தாலுகா கச்சேரிக்குப் போக ஆற்றைத் தாண்ட வேண்டுமே, கிண்டி வழியாக வந்தால் உஸ்கான் பாலம்தான். ஒரு ஆர்மீனியர் கிறிஸ்தவ யாத்ரீகர்களுக்காகக் கட்டிய பாலத்தில், மருந்தீசுவரர் கோயில் விபூதி பூசிய மிராசுதார், நவாபுகள் காலத்துப் பேட்டைக்குப் போய், ஒரு வெள்ளைக்காரருக்குச் சலாம் போட்டார். மதச்சார்பின்மை என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்தது அவருக்கு வெறும் கிஸ்தி வேலை.

சைதாப்பேட்டையில் இன்னொரு தமாஷும் நடந்தது. 1865வாக்கில் கவர்னர் டெனிஸன் இங்கே ஒரு சோதனைப் பண்ணை ஆரம்பித்தார். நம் விவசாயிகளுக்கு விவசாயம் கற்றுக்கொடுக்க! சீமையிலிருந்து நீராவிக் கலப்பை, விதைக்கும் மிஷின், கதிரடிக்கும் மிஷின் என்று கப்பலில் வந்து இறங்கிற்று. ஆயிரம் வருஷமாக ஏரி நீரில் நெல் விளைவித்துக்கொண்டிருந்த குடியானவன் வேலியோரம் நின்று, சைதாப்பேட்டை மண்ணில் நீராவிக் கலப்பை படும் பாட்டைப் பார்த்தான். என்ன நினைத்தான் என்று ரிக்கார்டு இல்லை. 1868இல் விவசாயப் பள்ளி. 1906இல் அது கோயம்புத்தூருக்கு மாறி, இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு வேரானது. ஆக, கோவை வேளாண் கல்லூரியின் தாய்வீடு, சைதாப்பேட்டை. நம்பமாட்டீர்கள், தெரியும்.

சிரிக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சம். ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நிவாரண வேலை என்று பட்டினி கிடந்தவர்களை வைத்து கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாயை வெட்டினார்கள். அந்த நீர்வழியின் தொடர்ச்சிதான் இன்றைக்கும் திருவான்மியூருக்கு மேற்கே நாற்றத்தோடு கிடக்கிறது. வெட்டினவர்கள் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பேரை வைத்தார்கள். அவர் அப்பா லண்டனில் பிரசித்தி பெற்ற திவால் பார்ட்டி. மாளிகைச் சாமான்களையே 1848இல் ஏலம் விட்டார்கள். பிள்ளைக்கு, பஞ்சத்தில் அடிபட்டவர்கள் தயவில் ஒரு கால்வாய் கிடைத்தது.

சுதந்திரம் வந்த சமயத்தில், இந்த நாடகத்தின் உச்சகட்டக் காமெடி. 1940களின் பின்பாதியில் சைதாப்பேட்டையைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். சேர்த்தவர்கள் ஒரு சின்ன விஷயத்தைக் கண்டுகொள்ளவில்லை. செங்கல்பட்டு ஜில்லாவின் தலைநகர் சைதாப்பேட்டை. இப்போது சைதாப்பேட்டை சென்னைக்குள். அதாவது செங்கல்பட்டு ஜில்லாவின் தலைநகர் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே இல்லை! கலெக்டர் தன் ஜில்லாவைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் பக்கத்து ஜில்லாவிலிருந்து வெளியே வர வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. இருபது வருஷம் இப்படியே ஓட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதிலிருந்து தலைநகர் என்ற வஸ்துவின் அவசியத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1968இல் காஞ்சிபுரத்துக்கு மாற்றினார்கள். அண்ணா முதலமைச்சர், அவர் பிறந்த ஊர் காஞ்சிபுரம். நான் இரண்டு தகவலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான்.

இத்தனை நாள் திருவான்மியூர் சும்மா இருந்ததா என்றால், அதற்கும் கடைசியில் ஒரு கச்சேரி கிடைத்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் ஆரம்பித்த கலாக்ஷேத்ரா, 1962இல் திருவான்மியூர் மணலுக்குக் குடிவந்தது. சுமார் நூறு ஏக்கர். அன்றைக்கு அங்கே வந்து பார்த்தவர்கள், பரதநாட்டியத்தைக் கற்க இந்த அம்மாள் பிள்ளைகளை எதற்குப் பொட்டல் மணலுக்குக் கூட்டிவருகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். இன்றைக்கு அந்த நூறு ஏக்கரை வெளியிலிருந்து ரியல் எஸ்டேட் புரோக்கர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதில் ஒன்பது ரசமும் உண்டு.

1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அந்த அம்மாளிடம் ஒரு யோசனை சொன்னார். குடியரசுத் தலைவர் ஆகிறீர்களா? ராஷ்டிரபதி பவன். 340 அறைகள். முகலாயத் தோட்டம். இருபத்தியொரு குண்டு மரியாதை. அம்மாள் வேண்டாம் என்றுவிட்டார். மாட்டு வண்டியில் கச்சேரிக்குப் போய்க் காத்துக் கிடந்த ஒரு கிராமம், டில்லியையே வெயிட்டிங் லிஸ்டில் வைத்துத் திருப்பி அனுப்பியது. கோட்டூர் நாட்டாரும் புலியூர்க் கோட்டத்தாரும் எங்கிருந்தாலும் இதைக் கேட்டு எழுந்து நின்றிருக்க வேண்டும்.

செங்கல்பட்டு ஜில்லாவின் மீதிக் கதை பெயர்ப் பலகை பெயின்டர்களின் பொற்காலம். செங்கை அண்ணா மாவட்டம் என்றார்கள். ஆட்சி மாறிற்று, செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்றார்கள். 1997இல் இரண்டாகப் பிளந்து காஞ்சிபுரம் ஒன்று, திருவள்ளூர் ஒன்று. அண்ணாவும் போய், எம்.ஜி.ஆரும் போய், செங்கல்பட்டே போய்விட்டது! ஒரு ஜில்லாவுக்கே பேர் கொடுத்த ஊர், இன்னொரு ஊரின் பேரில் உள்ள மாவட்டத்தில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டது.

கடைசியாக 2019 நவம்பர் 29ஆம் தேதி செங்கல்பட்டைத் தனி மாவட்டமாக்கி, கலெக்டரை அந்த ஊரிலேயே உட்கார வைத்தார்கள். நவாப் ஜாகீர் எழுதிக் கொடுத்து 256 வருஷம் ஆகியிருந்தது. செங்கல்பட்டுக்கு நம் வாழ்த்துகள். ஃபைல் மெதுவாக நகர்ந்தாலும் நகரும் என்பதற்கு அதுவே சாட்சி.

திருவான்மியூர் இந்தப் புது மாவட்டத்தில் இல்லை. அது சென்னை மாவட்டம். உங்களுக்கு ஏதாவது மனு கொடுக்க வேண்டியிருந்தால், கலெக்டர் ஆபீஸ் ராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையில் இருக்கிறது. எதற்கும் கிளம்புமுன் ஒரு போன் போட்டு, அங்கேதான் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.